சேர் ஜகதீஸ் சந்திர போஸ்: குறைகடத்திச் சாதனங்களின் முன்னோடி

(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம் – இலத்திரனியல் அலகுக்கான துணை வாசிப்பு)

மாணவர்களே, இலத்திரனியல் அலகைப் படிக்கும்போது இருவாயி, சீராக்கி, பி-என் சந்தி என்னும் சொற்களை மனனம் செய்துவிட்டு, அவை எங்கிருந்து வந்தன என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. வரைவிலக்கணம் மறந்துபோனால் விடையும் மறந்துபோகிறது. ஒரு கருத்து எவ்வாறு பிறந்தது என்பதை அறிந்தவருக்கு வரைவிலக்கணம் மறப்பதில்லை. ஆகவே, குறைகடத்தியால் ஆன சாதனம் ஒன்றுக்கு உலகில் முதன்முதலாக ஆக்கவுரிமை பெற்றவராகக் கருதப்படும் விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கையையும், அவர் வேலை செய்த துறையின் அடிப்படைகளையும் இங்கே சேர்த்துப் படிப்போம்.

1. பிறப்பும் தாய்மொழிக் கல்வியும்

ஜகதீஸ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30 ஆம் திகதி வங்காளத்தின் மைமன்சிங் என்னும் ஊரில் பிறந்தார். அது இன்று பங்களாதேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகத்தர். அக்காலத்தில் வசதியுள்ள குடும்பத்தினர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ மகனை முதலில் வங்காள மொழிப் பாடசாலையிலேயே சேர்த்தார். பிள்ளை பிறமொழியைக் கற்குமுன் தன் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிய வேண்டும் என்பது அவரது எண்ணம். வகுப்பறையில் சிறுவன் ஜகதீசுக்கு ஒரு பக்கம் தந்தையின் சேவகரான முஸ்லிம் ஒருவரின் மகனும், மறுபக்கம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிரினங்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தம்முள் விதைத்தன எனப் போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1869 இல் கல்கத்தாவுக்கு வந்து ஹெயார் பாடசாலையிலும், பின்னர் புனித சேவியர் பாடசாலையிலும் கல்லூரியிலும் கற்றார். அங்கு பௌதிகவியல் கற்பித்த அருட்தந்தை லாபோன் பரிசோதனைகளைச் செய்துகாட்டிப் பாடம் நடத்துபவர். கருவிகளைத் தாமே அமைக்கும் பழக்கம் போசுக்கு வாய்த்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1880 இல் மருத்துவம் கற்க இலண்டன் சென்றார். காய்ச்சல் விடாது தொல்லை கொடுத்தது. உடல்வெட்டும் அறையின் வாடை நோயை மேலும் கூட்டியது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிஜில் கிறைஸ்ற் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் கற்றார். அங்கு றேலிப் பிரபு அவருக்கு ஆசிரியராக அமைந்தார். 1884 இல் கேம்பிரிஜ் பட்டமும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானமாணிப் பட்டமும் பெற்றார்.

2. மூன்று ஆண்டுகள் சம்பளம் இல்லை

1885 இல் நாடு திரும்பிய போஸ் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் பேராசிரியராகத் தற்காலிகமாக நியமிக்கப்பட்டார். அக்காலத்தில் இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியரின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே வழங்கப்பட்டது. நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி வெட்டப்பட்டது. ஆகவே, ஒரே வேலைக்கு அவருக்குக் கிடைக்கவிருந்தது ஐரோப்பியரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலைநிறுத்தம் செய்யவில்லை. வேலையை விட்டு விலகவுமில்லை. குறைந்த சம்பளத்தைக் கையால் தொட மறுத்து, மூன்று ஆண்டுகள் சம்பளமின்றியே கற்பித்தார். அப்போது குடும்பம் கடனில் இருந்தது. தந்தையார் தொழிற்பள்ளி, தேயிலைத் தோட்டம் முதலிய முயற்சிகளில் பணத்தை இட்டு இழந்திருந்தார். 1887 இல் போஸ் மணந்துகொண்ட அபலா, கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காததால் சென்னைக்குச் சென்று மருத்துவம் கற்றவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியாது திரும்பியவர். கணவரின் முடிவின் சுமையை அவரும் சேர்ந்தே தாங்கினார்.

ஈற்றில், போசின் கற்பித்தற் திறனையும் உறுதியையும் கண்ட நிருவாகம் அவரது நியமனத்தை நிரந்தரமாக்கி, மூன்று ஆண்டுகளுக்கும் உரிய முழுச் சம்பளத்தையும் ஒருங்கே வழங்கியது. அப்பணம் தந்தையின் கடனை அடைக்க உதவியது.

3. கண்ணுக்குத் தெரியாத ஒளி

மின்காந்த அலைகள் உண்டு என்பதை ஜேர்மனியரான ஹேர்ட்ஸ் 1887–1888 காலப்பகுதியில் பரிசோதனை மூலம் நிறுவினார். 1894 இல் போஸ் இத்துறையில் இறங்கினார். கல்லூரியில் ஆய்வுகூடம் என்று சொல்லத்தக்க வசதி இருக்கவில்லை. ஒரு சிறிய அறையில், உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவரின் உதவியுடன், தம் சொந்தப் பணத்தில் கருவிகளை அமைத்தார்.

ஹேர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. அவை ஒளியைப் போலவே தெறிக்கின்றன, முறிகின்றன, முனைவாகின்றன என்று காட்டுவதற்கு மிகப் பெரிய ஆடிகளும் அரியங்களும் தேவைப்பட்டன. போஸ் அலைநீளத்தையே குறைத்தார். ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் அலைநீளம் வரை அவர் சென்றார். இன்று இவற்றை நுண்ணலைகள் என்கிறோம். அலை சிறிதானதும் கருவிகளும் மேசையில் அடங்கின. முறுக்கிய சணல் நார்க் கட்டையும், தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடு செருகிய புகையிரத நேரசூசிப் புத்தகத்தையும் கொண்டே அலைகளின் முனைவாக்கத்தை அவர் ஆராய்ந்தார்.

1895 இல் இவ்வாய்வு பற்றிய முதற் கட்டுரையை வங்காள ஆசியக் கழகத்திற்கு அளித்தார். கல்கத்தா நகர மண்டபத்தில் நடத்திய பகிரங்கச் செயல்விளக்கத்தில், அவரது அலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று, அப்பாலிருந்த அறையில் மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தையும் பற்றவைத்தன. 1896 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1897 ஜனவரியில் இலண்டன் றோயல் நிறுவகத்தில் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார்.

4. கலீனாப் பளிங்கு

அலையை உண்டாக்குவது பாதி வேலை. வந்துசேரும் அலையை உணர்வது மறுபாதி. அக்கால உணர்கருவிகளில் உலோகத் தூள் நிரப்பிய குழாயே பிரபலமானது. அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்னைக் கடத்தும். ஆனால் மறுபடி பயன்படுத்த ஒவ்வொரு தடவையும் குழாயைத் தட்டிவிட வேண்டும். வங்காளத்தின் ஈரமான காலநிலையில் அது நம்பத்தகாததாக இருந்தது.

இதற்கு மாற்றாகப் பல பொருள்களைப் பரிசோதித்த போஸ், கலீனா என்னும் கனியத்தில் கவனம் செலுத்தினார். இது ஈயமும் கந்தகமும் சேர்ந்த இயற்கைப் பளிங்கு. அதன்மேல் கூரான முனையொன்றை மெல்லத் தொடச் செய்தபோது, அத்தொடுகை மின்காந்த அலைகளையும் ஒளியையும் உணர்ந்தது. தட்டிவிட வேண்டிய தேவை இருக்கவில்லை. இத்தகைய தொடுகைகளுக்கு வோல்ற்றளவை மாற்றி ஓட்டத்தை அளந்து வரைபு வரைந்தபோது நேர்கோடு கிடைக்கவில்லை. வோல்ற்றளவு கூடக்கூட ஓட்டம் அதைவிட வேகமாகக் கூடியது. அதாவது இவை ஓமின் விதிக்குப் பணியவில்லை. மாணவர்களே, பாடப்புத்தகத்தில் உள்ள இருவாயியின் சிறப்பியல்பு வளையியை நினைத்துப் பாருங்கள். அதுவும் வளைந்தே செல்கிறது.

போஸ் தம் கண்டுபிடிப்புகளால் பொருள் ஈட்ட விரும்பாதவர். அறிவு எல்லோருக்கும் உரியது என்பது அவர் கொள்கை. ஆயினும் அமெரிக்க நண்பர் சேரா புல், சகோதரி நிவேதிதா ஆகியோரின் வற்புறுத்தலால் 1901 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. 1904 மார்ச் 29 ஆம் திகதி 755,840 என்னும் இலக்கத்துடன் அது வழங்கப்பட்டது. குறைகடத்திச் சாதனம் ஒன்றுக்கான முதலாவது ஆக்கவுரிமையாக இது கருதப்படுகிறது. அதைக் கொண்டு அவர் வருமானம் தேடவில்லை.

கவனிக்க: பரீட்சையில் இருவாயியைக் கண்டுபிடித்தவர் போஸ் என்று எழுதுவது சரியன்று. சில உலோகச் சல்பைட்டுப் பளிங்குகள் ஒரு திசையில் மட்டும் மின்னை நன்கு கடத்துகின்றன என்பதை 1874 இல் ஜேர்மனியரான பேடினண்ட் பிறவுண் கண்டறிந்திருந்தார். பி-என் சந்தி 1940 இல் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ரசல் ஓல் என்பவரால் அறியப்பட்டது. குறைகடத்திப் பளிங்கை அலைகளை உணரும் சாதனமாக்கி அதற்கு ஆக்கவுரிமை பெற்றமையே போசின் இடம். உள்ளதை உள்ளபடி சொன்னாலே அவர் பெருமை போதுமானது.

5. பளிங்கிலிருந்து சந்தி இருவாயிக்கு

1920களில் வானொலி பரவியபோது, மலிவான வாங்கிகள் பல கலீனாப் பளிங்கையும் மெல்லிய கம்பி முனையையும் கொண்டிருந்தன. இலங்கையில் முறையான வானொலி ஒலிபரப்பு தொடங்கிய 1925 டிசெம்பர் இந்தக் காலத்தைச் சேர்ந்ததே. பின்னர் வெற்றிடக் குழாய்கள் பளிங்கைப் பின்தள்ளின. இரண்டாம் உலகப் போரின்போது றேடாருக்குச் சென்ரிமீற்றர் அளவிலான அலைகள் தேவைப்பட்டன. அவற்றை உணர்வதற்கு அன்றைய குழாய்கள் பொருந்தவில்லை. ஆகவே சிலிக்கன் பளிங்கு உணர்கருவிகள் மீண்டும் இடம்பிடித்தன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு வந்த நாள்களில், உலகெங்கும் றேடார்களில் இயங்கிக்கொண்டிருந்தவை போசின் பளிங்கு உணர்கருவிக்கு உறவான சாதனங்களே.

இனி, சந்தி இருவாயி இயங்கும் விதத்தைப் படிமுறையாகப் பார்ப்போம்.

(அ) தூய சிலிக்கனின் ஒவ்வோர் அணுவும் நான்கு வலுவளவு இலத்திரன்களைக் கொண்டது. அவை அயல் அணுக்களுடன் பிணைப்பில் ஈடுபட்டிருப்பதால் அறை வெப்பநிலையில் கடத்துதிறன் மிகக் குறைவு.

(ஆ) ஐந்து வலுவளவு இலத்திரன்கள் கொண்ட பொசுபரசைச் சிறிதளவு சேர்த்தால் பிணைப்பிற் சேராத இலத்திரன்கள் கிடைக்கும். இது என்-வகை. மூன்று இலத்திரன்கள் கொண்ட போரனைச் சேர்த்தால் இலத்திரன் இல்லாத வெற்றிடங்கள், அதாவது துளைகள், உண்டாகும். இது பி-வகை. இரண்டும் மொத்தத்தில் நடுநிலையானவை என்பதை மறக்க வேண்டாம்.

(இ) ஒரே பளிங்கில் இவ்விரு வகைகளும் சந்திக்குமிடத்தில், என்-பக்க இலத்திரன்கள் பி-பக்கத்துக்குப் பரவித் துளைகளை நிரப்பும். இதனால் என்-பக்கத்தில் நேர் அயன்களும் பி-பக்கத்தில் மறை அயன்களும் எஞ்சும். சுயாதீன ஏற்றக்காவிகள் அற்ற இப்பகுதியே வறிதாக்கற் பிரதேசம். இங்கு தோன்றும் அழுத்தத் தடுப்பு மேலும் பரவலைத் தடுக்கும்.

(ஈ) மின்கலத்தின் நேர்முனையைப் பி-பக்கத்துக்கும் மறைமுனையை என்-பக்கத்துக்கும் இணைப்பது முன்முகக் கோடல். இப்போது வறிதாக்கற் பிரதேசம் ஒடுங்கும். சிலிக்கனுக்கு ஏறத்தாழ 0.7 வோல்ற்று, ஜேர்மானியத்துக்கு ஏறத்தாழ 0.3 வோல்ற்று ஆனதும் ஓட்டம் விரைவாகக் கூடும். முனைகளை மாற்றி இணைப்பது பின்முகக் கோடல். அப்போது வறிதாக்கற் பிரதேசம் அகலும். மிகச் சிறிய பொசிவோட்டம் தவிர ஓட்டம் பாயாது.

ஒரு திசைக்கு வழிவிட்டு மறுதிசையை மறிப்பதே இருவாயியின் தொழில்.

6. சீராக்கல்: மகாவலி முதல் தொலைபேசி வரை

கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் சுரங்கவழியே சென்று உக்குவளை மின்நிலையத்தை இயக்குகிறது. தெல்தெனியப் பக்கமுள்ள விக்டோரியா நிலையம் 210 மெகாவாற்று கொள்ளளவுடையது. இவற்றின் பிறப்பாக்கிகள் தருவது ஆடலோட்டம். தேசிய மின்வலையமைப்பின் வழியே நம் வீடுகளை அடையும்போது அது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். ஆனால் கையடக்கத் தொலைபேசியின் மின்கலமும் வானொலியின் சுற்றும் கேட்பது நேரோட்டம். இடையிலுள்ள வேலையைச் செய்வது சீராக்கி.

அரை அலைச் சீராக்கல்: ஒரே ஓர் இருவாயி. ஆடலோட்டத்தின் ஓர் அரைச் சக்கரத்தை மட்டும் கடத்தி மற்றையதைத் தடுக்கும். செக்கனுக்கு 50 துடிப்புகள் கிடைக்கும். பாதி அலை பயன்படாது போகும்.

முழு அலைச் சீராக்கல்: நான்கு இருவாயிகளைப் பால வடிவில் இணைத்தால், ஒவ்வோர் அரைச் சக்கரத்திலும் எதிரெதிரான இரண்டு இருவாயிகள் கடத்தும். இரு அரைச் சக்கரங்களிலும் சுமையினூடாக ஓட்டம் ஒரே திசையிலேயே பாயும். செக்கனுக்கு 100 துடிப்புகள்.

ஒப்பமாக்கல்: சுமைக்குச் சமாந்தரமாகக் கொள்ளளவி ஒன்றை இணைத்தால், துடிப்பு உயரும்போது அது ஏற்றம் பெறும், துடிப்பு தாழும்போது ஏற்றத்தை வழங்கும். பள்ளங்கள் நிரம்பி ஓட்டம் ஏறத்தாழ நிலையானதாகும். கொள்ளளவம் கூடினால் குற்றலை குறையும்.

உதாரணம்: நிலைமாற்றி ஒன்றின் துணைச்சுற்று 12 வோல்ற்று எனக் குறிக்கப்பட்டுள்ளது. இது வர்க்கமூல இடைப் பெறுமானம். உச்சப் பெறுமானம் 12 × 1.41, அதாவது ஏறத்தாழ 17 வோல்ற்று. பாலச் சீராக்கியில் ஒரே நேரத்தில் இரு சிலிக்கன் இருவாயிகள் கடத்துவதால் 1.4 வோல்ற்று இழக்கப்படும். எனவே கொள்ளளவிக்குக் குறுக்கே ஏறத்தாழ 15.6 வோல்ற்று வரை இருக்கும். 12 வோல்ற்றுத் தானே என எண்ணி 12 வோல்ற்றுக் கொள்ளளவியை இணைத்தால் அது பழுதடையும். 25 வோல்ற்று வகை பாதுகாப்பானது.

எச்சரிக்கை: 230 வோல்ற்று வழங்கலை மாணவர் நேரடியாகக் கையாளலாகாது. பயிற்சிகளை மின்கலங்களைக் கொண்டோ, ஆசிரியரின் மேற்பார்வையில் தாழ் வோல்ற்றளவு வழங்கியைக் கொண்டோ செய்க.

7. தாவரங்களும் இறுதிக் காலமும்

பளிங்குத் தொடுகைகள் தொடர்ந்த பயன்பாட்டில் களைப்படைவது போன்று உணர்திறன் குன்றி, ஓய்வின் பின் மீள்வதைப் போஸ் அவதானித்தார். இதுவே உயிருள்ளவை, உயிரற்றவை ஆகியவற்றின் தூண்டற்பேறுகளை ஒப்பிட அவரைத் தூண்டியது. 1902 இல் இதுபற்றிய நூலை வெளியிட்டார். கண்டியின் பாதையோரங்களில் நாம் காணும் தொட்டாற்சுருங்கியே அவர் விரும்பி ஆராய்ந்த தாவரங்களில் ஒன்று. தாவர வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு வரை பெருப்பித்துக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியையும் அமைத்தார். உடற்றொழிலியலாளர் பலர் அவரை எதிர்த்தனர். அவர் கூறிய எல்லாம் ஏற்கப்படவில்லை. எனினும் தாவரங்களில் மின் சைகைகள் கடத்தப்படுகின்றன என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை.

1915 இல் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றார். 1917 இல் சேர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு தம் பிறந்தநாளான நவம்பர் 30 இல் கல்கத்தாவில் போஸ் நிறுவகத்தை நிறுவினார். 1920 இல் றோயல் கழக அங்கத்தவரானார். சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா ஆகிய பெரும் விஞ்ஞானிகள் பிரசிடென்சியில் அவரிடம் கற்றவர்களே. 1937 நவம்பர் 23 இல் கிரிடி என்னுமிடத்தில், 79 ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், காலமானார்.

அவர் தொடங்கிய துறை நமக்குத் தூரமானதன்று. கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர், என்-வகைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்கும் பி-வகைச் செப்பு அயடைட்டுக்கும் இடையே சாயம் வைத்த திண்ம நிலைச் சூரியக்கலம் பற்றிய ஆய்வை 1995 இல் வெளியிட்டனர். ஒளி பட்டதும் மின் தரும் பளிங்கைத் தேடிய போசின் பாதை நம் மலையடிவாரம் வரை வந்திருக்கிறது. தாய்மொழியில் எழுத்தறிந்து, தகரவேலைக்காரரின் துணையுடன் கருவி செய்தவர் அப்பாதையைத் தொடக்கியவர்களுள் ஒருவர். வசதி குறைந்த ஆய்வுகூடத்தில் தமிழில் விஞ்ஞானம் கற்கும் மாணவர், அது தமக்கு எட்டாத துறை என எண்ண வேண்டியதில்லை.

நினைவிற் கொள்க

1858 – பிறப்பு
1874 – பிறவுண் பளிங்கின் ஒருதிசைக் கடத்தலைக் கண்டறிதல்
1895 – போசின் முதல் ஆய்வுக் கட்டுரை
1904 – கலீனா உணர்கருவிக்கு ஆக்கவுரிமை
1917 – போஸ் நிறுவகம்
1937 – மறைவு
1940 – பி-என் சந்தி அறியப்படல்

பயிற்சி வினாக்கள்

1. கலீனாத் தொடுகை ஓமின் விதிக்குப் பணியவில்லை என்பதைப் போஸ் எவ்வாறு அறிந்தார்?
2. பி-வகைக் குறைகடத்தி நேரேற்றம் கொண்டது என மாணவர் ஒருவர் கூறுகிறார். இது சரியா? காரணம் தருக.
3. முன்முகக் கோடலில் வறிதாக்கற் பிரதேசத்துக்கு என்ன நிகழும்?
4. பாலச் சீராக்கியின் ஓர் இருவாயி எரிந்து சுற்று அறுந்துவிட்டால், பயப்பில் செக்கனுக்கு எத்தனை துடிப்புகள் கிடைக்கும்?
5. 9 வோல்ற்று எனக் குறிக்கப்பட்ட நிலைமாற்றியுடன் பாலச் சீராக்கியையும் கொள்ளளவியையும் இணைத்தால் கிடைக்கும் உயர்ந்தபட்ச வோல்ற்றளவு யாது?

விடைகள்

1. வோல்ற்றளவு – ஓட்ட வரைபு நேர்கோடாக அமையாமையால்.
2. தவறு. சேர்க்கப்படும் போரன் அணுக்கள் நடுநிலையானவை. ஆகவே பொருளும் மொத்தத்தில் நடுநிலையானது.
3. ஒடுங்கும்.
4. 50. ஓர் அரைச் சக்கரத்துக்கான பாதை அறுவதால் சுற்று அரை அலைச் சீராக்கியாகிவிடும்.
5. 9 × 1.41 = 12.7; 12.7 – 1.4 = 11.3 வோல்ற்று (ஏறத்தாழ).